மேலே போர்த்தும் துணி

வேன் வந்து நின்றதும் முதலில் அதன் கூரைமேல் ஏறுவார். கறுப்புத் துணியை உதறி சோலார் தகடுகளின் மேல் விரித்து, மூலைக்கொரு மரக்கட்டை வைத்துவிட்டு இறங்கிய பிறகுதான் வண்டிக்காரருக்கு வணக்கமே சொல்வார். "மேல போத்தாம கீழ வயரைக் கழட்டுனா வெயில்ல வர்ற கரண்டு சும்மா விடாதுங்க." வேலை முடிந்ததும் மறுபடி ஏறித் துணியை ஒரே இழுப்பில் உருவுவார்.

படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி என்று வீட்டையே வேனுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்கு இஞ்சினுடையது போகத் தனியாக இரண்டாவது பேட்டரி போட்டுத் தருவதுதான் அவர் பிழைப்பு. மின்சாரம் பார்க்கும் மீட்டர் எந்நேரமும் கழுத்தில் தொங்கும். எங்களுக்கு அவர் மீட்டர்காரர். மணி என்ன என்று கேட்டால்கூட முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பார். பக்கத்துக் கொட்டகையில் சீட் தைக்கும் நான் கொட்டாவி விட்டால் போதும், "என்னங்க, சார்ஜ் இறங்கிடுச்சா?" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்துக் கட்டமாட்டார். "புதுசோட உசிரைப் பழசு உறிஞ்சிடும். ரெண்டும் ஒண்ணாப் படுத்துக்கும்." வாதாடினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். வீம்பு பிடித்த மனிதர் என்று நானும் வைதிருக்கிறேன்.

கொட்டகைக்குப் பின்னால் அவருடைய சொந்த வேன் நிற்கிறது. அதற்கு மெத்தை தைத்தது நான்தான். அவர் மனைவியால் மட்டமாகப் படுக்க முடியாது என்பதால் தலைமாட்டை உயர்த்தித் தைத்தேன். மூச்சுக்கு மெஷின் ஓடவேண்டும். ஒரு பேட்டரி போதவில்லை. அப்போது அவருக்கு அந்தப் பிடிவாதம் இல்லை; பழையது இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதோடு புதியதைக் கோத்துவிட்டார். மூன்று நாள் மேகமூட்டம். நான்காம் நாள் அவர் கண் விழித்தபோது மெஷின் நின்றிருந்தது. அந்த அம்மாவும் இல்லை.

அடுத்த மாதம் ஒரே தேதியிட்ட இரண்டு புதிய பேட்டரிகளை வாங்கி அந்த வேனில் பொருத்தினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தினமும் காலையில் மீட்டரை வைத்துப் பார்த்து, "பதிமூணு வோல்ட் இருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வருவார்.

போன வாரம் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் வீட்டுவண்டியில் வந்தார். உள்ளே மூக்கில் குழாயோடு அவர் மனைவி. மூன்று நாள் ஓட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

"பேட்டரி விடியறவரைக்கும் தாங்க மாட்டேங்குது தம்பி. இதோட இன்னொண்ணு கோத்து விடுங்க."

வண்டியில் இருந்தது நான்கு வருடப் பழசு. கடையில் புதியது ஒன்றுதான் இருந்தது.

"இதைக் கழட்டிட்டு ரெண்டும் புதுசாப் போடணுங்க. இன்னொண்ணு வர பத்து நாளாகும்."

"பத்து நாளா? அவ தாங்கணுமேய்யா! புதுசு ஒண்ணை மட்டும் போட்டா?"

"ராத்திரி முழுக்க ஓடாதுங்க."

"அப்போ சேத்துக் கட்டுய்யா! உன் சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா கையைத் தூக்கி, கத்தாதே என்று கணவருக்குச் சைகை காட்டினார்.

"வண்டியைப் பின்னாடி கொண்டாங்க" என்றார் மீட்டர்காரர்.

இரண்டு வண்டிகளின் கூரையிலும் துணி விரித்தார். தன் வேனிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றினார். ஒன்றோடு நிற்பார் என்று பார்த்தேன். "ஜோடியைப் பிரிக்கக் கூடாதுங்க" என்று மற்றதையும் தூக்கினார். டிரைவர் வண்டியின் பழையதைக் கழற்றிவிட்டு இரண்டையும் அதில் பொருத்தி மீட்டரை வைத்தார். எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏறித் துணியை உருவினார். வண்டி போய்விட்டது.

பிறகு தன் வேனின் கூரைமேல் ஏறினார். அங்கும் உருவுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்து, துணியின் நான்கு மூலையையும் கூரைக் கம்பியோடு இழுத்துக் கட்டினார்.