நான் என்கிற வீண்செலவு

என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தை நானேதான் தமிழில் மொழிபெயர்த்துத் தட்டச்சும் செய்தேன். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பிரதேச சபை தன் தமிழ் ஊழியருக்கு அனுப்பும் கடிதத்துக்குத் தமிழ்ப் பிரதி ஒன்று கோப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அலுவலகத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தலைமை எழுதுவினைஞர் சிங்களக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி, மத்தியானத்துக்குள் முடித்துத் தரச் சொன்னார்.

கடிதத்தில் 'நாஸ்திய' என்று ஒரு சிங்களச் சொல் இருந்தது. மனம் நோகாமல் எழுத வேண்டுமானால் 'மேலதிகச் செலவு' என்று போடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் சரியான சொல் 'வீண்செலவு'. அதையே போட்டேன். சபையின் வீண்செலவுகளைக் குறைக்கும் பொருட்டுத் தங்கள் சேவை இத்துடன் நிறுத்தப்படுகிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினேன். நமுனுகுலப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி உட்காரும் வரைக்கும் அழவில்லை.

அந்த வீண்செலவைக் கண்டுபிடித்தவர் அப்போதைய சபைத் தலைவர். வரியைக் குறைப்பேன் என்று சொல்லி வந்தவர். சொன்னபடியே கடைவீதிக்காரர்களின் கட்டடங்களுக்கான ஆதன வரியைக் குறைத்தார். அதற்கு ஈடாக எதையாவது வெட்ட வேண்டும் அல்லவா? வெட்டினார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் நாங்கள் ஆதன வரி கட்டுவதில்லை. அதனால் குறைந்ததில் எங்களுக்குப் பங்கில்லை, வெட்டியதில் மட்டும் முழுப் பங்கு. தோட்டத்து ஆட்கள் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று கூட்டத்தில் சொன்னாராம்.

நான் போனதோடு ஒரு மனுவும் போனது. தோட்டத்தில் எங்கள் பகுதியான டிவிஷனுக்கும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. அதில் போட்டிருக்கும் கற்களில் கால் வைத்துத்தான் கொழுந்து மூட்டையோடு கடக்க வேண்டும். சின்னதாக ஒரு பாலம் வேண்டும் என்று டிவிஷன் முழுவதும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனுவைப் பக்கத்து லயத்து அக்கா என்னிடம் கொண்டு வந்து கொடுத்திருந்தார். முதல் கைநாட்டு அவருடையது. அதைச் சிங்களத்துக்கு மாற்றி முடிப்பதற்குள் என் நாற்காலி போய்விட்டது. தலைமை எழுதுவினைஞரின் கையிலேயே கொடுத்து, இது அவசரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாங்கி, வேறு கோப்புகளுக்கு அடியில் வைத்தார்.

அடுத்த மழைக்கு அக்கா அந்தக் கல்லில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து திரும்பினார். இன்றைக்கும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார். அவர் என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அந்தத் தலைவரை நினைத்துப் பல்லைக் கடிப்பேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தேன், யார் மீதும் குறையில்லாதவள் போல் நடமாடினேன். உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

இந்தத் தேர்தலில் அவர் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். அவருடைய ஆள் ஒருவர் என் வீட்டைத் தேடி வந்தார். எங்கள் டிவிஷனில் கூட்டமாம், ஐயா சிங்களத்தில் பேசுவாராம், தமிழில் சொல்ல ஒருவர் வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, வருகிறேன் என்றேன்.

அன்றிலிருந்து துணி துவைக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் ஒத்திகைதான். அவர் வரியைக் குறைப்பேன் என்பார், நான் சம்பளத்தைக் குறைப்பேன் என்று சொல்லிவிடுவேன். அவர் வீடு தருவேன் என்பார், நான் லயத்தை இடிப்பேன் என்று போட்டுவிடுவேன். பொய்தான். அதைப் பற்றி எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

கூட்டம் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் நடந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. வாகனம் அங்கே வராது. எனவே ஐயாவும் ஓடையைத் தாண்டித்தான் வந்தார். எங்கள் இளவட்டங்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, கல் கல்லாகக் கடக்க வைத்தார்கள். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு பொட்டு ஈரம் படவில்லை.

மாலை போட்டார்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அடையாளம் தெரியவில்லை. நாலு வருடம் அவர் சபையில் இருந்தவள், அவர் தொண்டை கட்டிய நாட்களில் வெந்நீர்கூடக் கொடுத்திருக்கிறேன். வேலை போனதைவிட அது சுட்டது. என் நாற்காலியை வெட்டினார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது.

பேசத் தொடங்கினார். நன்றாகப் பேசினார், அதுதான் என் வயிற்றெரிச்சல். சவர்க்காரத்திலும் வரி, பிள்ளையின் கொப்பியிலும் வரி, கடையில் வாங்கும் ஒவ்வொன்றிலும் அரசாங்கத்தின் கை இருக்கிறது என்றார். செலவைக் குறைக்காமல் வரியைக் குறைக்க முடியாது, ஆகவே முதலில் செலவைக் குறைப்பேன் என்றார். பொய் சொல்ல வாயைத் திறந்த நான் உண்மையைத்தான் சொன்னேன். கூட்டத்தில் கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகள் இருந்தார்கள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பயம் கொஞ்சம். கர்வம் அதைவிட அதிகம். ஒரு வரியையும் தப்பாக மாற்றியவள் இல்லை நான். கூட்டம் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெருமைக்கு ஓர் உதாரணம் சொல்ல நினைத்தார் போலும். சபைத் தலைவராக இருந்தபோது செய்து காட்டியிருக்கிறேன் என்று ஆரம்பித்தார்.

மொழிபெயர்ப்பவளுக்குச் சொந்தமாக ஒரு 'நான்' கிடையாது. பேசுகிறவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வழக்கப்படியே, கோயிலிலிருந்து இரவல் வாங்கிய ஒலிபெருக்கியில், என் குரலில் சொன்னேன்:

"சபையில தமிழ்ல கடுதாசி எழுதுறதுக்குன்னே ஒரு பொம்பள இருந்துச்சு. அது வீண்செலவு. அத நான்தான் நிறுத்துனேன். நிறுத்துனதால என்னா கொறஞ்சு போச்சு?"

கூட்டம் என்னைப் பார்த்தது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பொம்பளை யார் என்று தெரியும். யாரும் தலையாட்டவில்லை. அவர் கைதட்டலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

அக்கா காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஓடைப் பாலத்துக்குக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அப்படி ஒரு மனு வரவே இல்லை என்றார் ஐயா. அதையும் அப்படியே சொன்னேன்.

அக்கா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "இதயும் சொல்லு புள்ள. அந்த வீண்செலவு எங்க லயத்துப் புள்ள. அது கையிலதான் மனுவ குடுத்தேன். அது போனதால கொறஞ்சது என்னோட காலு."

சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. 'நாஸ்திய' என்ற அவர் சொல்லையே எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு என் காதோரம் குனிந்து, சிரித்த முகத்தோடு, மெதுவாக இரண்டு மூன்று வசனம் சொன்னார். மொழிபெயர்க்கத்தானே என்னைக் கூட்டி வந்தார்கள்? ஒலிவாங்கியை வாயருகே வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

"இத அவுங்களுக்குச் சொல்லாத. நான் ஜெயிச்சதும் என் ஆபீஸ்லயே ஒனக்கு ஒரு வேலை போட்டுத் தர்றேன்."

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்தாள். அது அப்படியே முன்னால் பரவி வந்தது. செலவைக் குறைக்க வந்தவர் அங்கேயே ஒரு செலவை உண்டாக்கிவிட்டார் என்று விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

அவர் மாலையைக் கழற்றித் தன் ஆளிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். ஓடைக்கரையில் நின்று இரண்டு பக்கமும் கையை நீட்டினார். வரும்போது பிடித்த இளவட்டங்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவருடைய ஆளோ சப்பாத்து நனையுமே என்று அங்கேயே தயங்கி நின்றார். கடைசியில் ஐயா தனியாகவே கல்லில் கால் வைத்தார். மூன்றாவது கல்லில் வழுக்கி, முழங்கால் வரை தண்ணீரில் நின்றார்.

அங்கே நின்றபடியே எங்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். எனக்குத் தெளிவாகவே கேட்டது. பாலம் இல்லையா என்றுதான் கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன். "தமிழ்ல சொல்ல ஆளு இல்ல."