மாமி சொல்லாமல் வைத்திருந்த சேதி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அந்த அம்மாளுக்கு இரண்டு விஷயங்களில் பெயர். அவர் கை பட்ட விரிப்பில் சுருக்கம் இருக்காது. அவர் காதில் விழுந்த சேதி வீட்டுக்குள் தங்காது. தெருவே அவரை இஸ்திரி மாமி என்றுதான் கூப்பிடும். கெட்ட மனசு கிடையாது. நல்ல சேதி ஒன்று கிடைத்துவிட்டால் அதை மடியில் கட்டிக்கொண்டு சும்மா உட்கார அவரால் முடியாது, அவ்வளவுதான்.

ரமலான் பிறந்துவிட்டால் மாமியின் இஸ்திரி மேசையைச் சுற்றிப் பெண்கள் கூடிவிடுவார்கள். மறந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டேன், நோன்பு போய்விட்டதா என்று ஒருத்தி பதறுவாள். மறந்து குடித்தால் முறியாது, நினைவு வந்ததும் நிறுத்திவிடு, அது அல்லாஹ் உனக்கு ஊற்றிக் கொடுத்தது என்று மாமி சமாதானம் சொல்வார். சமைக்கும்போது உப்புப் பார்க்கலாமா என்று இன்னொருத்தி கேட்பாள். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடு, ருசித்துக்கொண்டு நிற்காதே என்பார். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகும் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறேன் என்று நோன்பு திறக்கத் தாமதிக்கிறவளுக்குத் திட்டு விழும். சூரியன் மறைந்ததும் திறப்பதுதான் முறை, உன் பாத்திரம் எங்கும் ஓடிப்போகாது. புறம் பேசினால் நோன்பில் பட்டினிதான் மிச்சம் என்றும் சொல்வார். சொன்ன கையோடு, "அது கிடக்கட்டும், அந்தத் தையல்காரி வீட்டு விஷயம் தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்துகிறவரும் அவரேதான்.

அதே கூடத்தில் மருமகளுக்கும் வேலை. உலர்ந்த விரிப்புகளை மடித்து அடுக்குவாள். அதிகம் பேசாத பெண். மாமி நூறு வார்த்தை பேசினால் அவள் ஒரு தலையசைப்பில் கணக்கைத் தீர்த்துவிடுவாள். ஆனால் மாமி வாயால் அவள் பட்ட பாடு பெரிய பாடு. கல்யாணமான பிறகு இரண்டு முறை அவள் வயிற்றில் கரு தங்கியது. இரண்டு முறையும் மாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்க வாசல் வாசலாகச் சொல்லி வந்தார். இரண்டு முறையும் கரு கலைந்தது. சொன்ன வாசல்களிலிருந்தெல்லாம் ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் மருமகளே. இரண்டாம் முறை கடைசி ஆளும் போன பிறகு அவள் மாமியைத் தாண்டி அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த ரமலானில், நோன்பு தொடங்கிக் கொஞ்ச நாளில், அடுக்கிவைத்த விரிப்புகளுக்குப் பின்னால் மருமகள் ரொட்டி தின்பதை மாமி பார்த்துவிட்டார். மறந்து தின்கிறாள் போலிருக்கிறது, ஞாபகப்படுத்துவோம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அவள் தண்ணீரும் குடித்தாள், ரொட்டிக் காகிதத்தைச் சிறிதாக மடித்து இடுப்பில் செருகினாள், உதட்டைத் துடைத்துக்கொண்டாள். மறந்து தின்கிறவள் காகிதத்தை ஒளிப்பாளா?

மாமிக்குப் பொறுக்கவில்லை. விடியுமுன் எழுப்பினால் எழுந்து வந்து சஹர் சாப்பாடு சாப்பிடுகிறாள். மாலையில் பேரீச்சம்பழத்தோடு வந்து வரிசையில் உட்காருகிறாள். நடுவில் இந்த நாடகமா? முடியாதவர் நோன்பை விடலாம், அதற்கு வழி இருக்கிறது. பிடிக்கிற மாதிரி நடிக்க எந்த வழியும் இல்லை.

அன்று மாலை நோன்பு திறக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மாமியின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"சில பேருக்குப் பாங்கு மத்தியானமே கேட்டுடுது. நமக்குத்தான் காது மந்தம்."

மருமகளின் கையிலிருந்த பழம் தட்டுக்குத் திரும்பியது. லாரிப் பட்டறையில் வேலை செய்யும் மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மாமி அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். சரியான இடத்தில் குத்திவிட்டோம் என்று கொஞ்சம் திருப்தியும் பட்டார்.

மறுநாள் விரிப்புகளுக்குப் பின்னால் காகிதச் சத்தம் இல்லை. மாமி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். மருமகள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூடத்தில் நீராவி அடித்துக்கொண்டிருந்தது. திருந்திவிட்டாள் என்று மாமி நினைத்தார்.

மதியத் தொழுகைக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சிரம் பணிந்து எழும்போது மருமகள் தடுமாறினாள். தொழுகையை முடித்தவள் எழுந்திருக்க அலமாரியின் கம்பியைப் பிடித்தாள். உதடு வெளுத்திருந்தது.

மாமி தொழுகை விரிப்பை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தனை பேருக்கு விளக்கம் சொன்ன மூளை அது, அப்போதுதான் வேலை செய்தது. மாதவிலக்கு என்றால் நோன்பும் கிடையாது, தொழுகையும் கிடையாது. இவள் ஒரு வேளைத் தொழுகையும் விடவில்லை. பிரயாணம் போகவில்லை. காய்ச்சல், சளி ஒன்றும் இல்லை. தொழுகிறாள், நோன்பு மட்டும் இல்லை. அப்படியானால் பாக்கி இருக்கும் காரணம் ஒன்றுதான், வயிற்றில் பிள்ளை.

சாத்திய கதவு மாமியின் கண் முன்னால் வந்தது. யாரிடமிருந்து அவள் ஒளிந்து தின்றாள் என்பதும் புரிந்தது. ஊரிடமிருந்து அல்ல. தன்னிடமிருந்து. நேற்று விட்ட குத்தலுக்குப் பயந்து இன்று உண்மையிலேயே பட்டினி கிடக்கிறாள், இந்த நீராவியில், அந்த உடம்போடு.

மாமி தன் பையைத் துழாவினார். நோன்பு திறக்க வைத்திருந்த பழமும் தண்ணீர்ப் புட்டியும் இருந்தன. இரண்டையும் மருமகளின் மடியில் வைத்தார்.

"தின்னு."

"நோன்பு பிடிச்சிருக்கேன் மாமி."

"பிடிச்சதை விடலாம். உடம்புக்குக் கெடுதல் வரும்னா விட்டுத்தான் ஆகணும். எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா நீ?"

மருமகள் பழத்தைக் கையில் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"மாமி... யார்கிட்டயும்..."

"என்ன யார்கிட்டயும்? எனக்கு என்ன தெரியும்? நீ என்கிட்ட ஏதாவது சொன்னியா? மயக்கம் வருது, தின்னச் சொல்றேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மாமி விரிப்பு அடுக்குக்கு இந்தப் பக்கம் வந்து, வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் பழத்தை மெல்லும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு விசும்பலும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மாமி பையில் இரண்டு பொட்டலம், ஒன்று மருமகளுக்கு. மன்னிப்புக் கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் தெரிந்துவிட்டது என்றாகிவிடும். அதனால் முட்டைதான் அவித்து உரித்துக் கொண்டுவந்தார். மகனிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவுக்குத் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். பசியும் தாகமும் மாமிக்குப் பழகிய சங்கதி. சேதியை விழுங்கிக்கொண்டு திரிவதுதான் பழகவில்லை. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியிடம் வாய்விட்டுச் சொல்லப்போய், நல்லவேளையாகச் சுதாரித்துக்கொண்டார்.

சோதனை எதிர்வீட்டிலிருந்து வந்தது. தையல்காரி நூல் வாங்கப் போகிற சாக்கில் மாமியின் வாசலில் நின்றாள்.

"ஏன் மாமி, உங்க மருமக முகம் வாடவே இல்லையே. நோன்பு எல்லாம் ஒழுங்காப் பிடிக்கிறாளா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் பொழுது சாய்வதற்குள் தெரு கணக்குப் போட்டு முடித்துவிடும். மாமி ஒரு கணம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நோன்பாளிம்மா."

"அது யாராவது சண்டைக்கு வந்தா சொல்றதுல்ல? நான் சண்டைக்கா வந்தேன்?"

"நீ வரல. என் வாய் வரப் பார்க்குது. அதுக்குத்தான் சொன்னேன். அவ நோன்பு அவளுக்கும் அல்லாவுக்கும் நடுவுல. எனக்கு அங்க என்ன வேலை?"

மாமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தையல்காரி நூல் வாங்காமலே திரும்பிப் போனாள். உள்ளே மருமகள் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். மாமிக்கு அது தெரியாது.

பெருநாள் கழிந்து, கூடத்தில் மறுபடி மதியச் சாப்பாடு தொடங்கிய முதல் நாள், மருமகள் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இஸ்திரி மேசைக்கே வந்துவிட்டாள். விரிப்புகளுக்குப் பின்னால் போகவில்லை.

"மாமி, நான் உண்டாகியிருக்கேன். டாக்டர் இந்தத் தடவை நல்லாத் தங்கியிருக்குன்னு சொன்னாங்க."

மாமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். புதிதாகக் கேட்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். கண் ஒத்துழைக்கவில்லை, நிறைந்துவிட்டது. மருமகள் சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து மாமி கேட்டதே இல்லை.

"தெருவுல நீங்களே சொல்லுங்க மாமி. அடக்கி அடக்கி வயிறு உப்பியிருக்கும்."

"அதுக்கு என்ன அவசரம்? தன்னால தெரியும்போது தெரிஞ்சுக்கட்டும்." மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விட்ட நோன்பையெல்லாம் எப்பப் பிடிப்ப?"

"பிள்ளை பிறந்து, உடம்பு தேறினப்புறம்."

"சொல்லு. நானும் கூடப் பிடிக்கிறேன். தனியா சஹருக்கு எழுந்தா சோறு இறங்காது."

மருமகள் வழக்கம்போலத் தலையசைத்தாள். பிறகு தன் டப்பாவிலிருந்த முட்டையில் பாதியை எடுத்து மாமியின் தட்டில் வைத்தாள்.