விருத்தாம்பாளின் உள்ளங்கை

வீராசாமியைச் செஞ்சியில் நாத்திகன் என்பார்கள். நொண்டி நாத்திகன் என்று சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. அவன் எப்படி நாத்திகன் ஆனான், எப்படி நொண்டி ஆனான், இரண்டும் எனக்குத் தெரியும். நான் நூர் முகமது, பஜாரில் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்தால் தலையை அமுக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவன்தான். இதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மா விருத்தாம்பாள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரௌபதையம்மன் கோயில் தீமிதியில் இறங்கினாள். அப்பா முருகையன் அந்தக் கோயிலின் சாட்டைக்காரர். காப்புக் கட்டியவர்களின் கையில் சாட்டையால் அடித்துக் குண்டத்தில் இறக்கிவிடுவது அவர் வேலை. பாதிக் குண்டத்தில் விருத்தாம்பாள் நின்றாள், பிறகு விழுந்தாள். வெளியே இழுத்துப் போட்டபோது முழங்கால் இரண்டும் முழங்கை இரண்டும் வெந்து தோல் தொங்கியது. பிள்ளைக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. பூசாரி பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கி, "அம்மன் ஏந்திட்டாடா!" என்று கத்தினார். ஊரே குலவை போட்டது. பிள்ளையை ஏந்தியவள் தாயை ஏன் தள்ளினாள்? தாய் சுத்தமில்லாதவளாம். மயங்கிக் கிடந்தவளைக் கேட்காமலே ஊர் தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து அவன் அம்மன் பிள்ளை. அவனுக்குக் கவுச்சி கிடையாது, தெருப்பிள்ளைகளோடு விளையாட்டு கிடையாது. திருவிழாவில் மாலை போட்டு உட்கார வைப்பார்கள், கிழவர்கள் வந்து காலைத் தொடுவார்கள். அதே திருவிழாவில் காப்புக் கட்டும் நாளன்று முருகையன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு விருத்தாம்பாளைச் சாட்டையால் அடிப்பார். "இன்னா தப்பு பண்ண? சொல்லு!" வருடம் தவறாது. முதுகு கிழிந்து ரவிக்கையோடு ஒட்டிக்கொள்ளும். மாலையும் கழுத்துமாக இந்தப் பையன் சுவரோரம் நின்று பார்ப்பான். ஒரு வருடம் அடி தாங்காமல் அவள், "விரதத்துல புள்ள வெச்ச மிச்ச சோத்த வாயில போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அடி நிற்கட்டும் என்று சொன்ன பொய். ஆனால் சொல்லச் சொல்ல அவளே நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கோயில் வாசலைத் தாண்டி அவளை யாரும் விட்டதில்லை, அவளும் தாண்டியதில்லை. வெளியே நின்று கும்பிடுவாள்.

அவன் வளர்ந்து என்னோடு வேலைக்கு வந்தான். ஒருநாள் பனமலையிலிருந்து வந்த ஒரு முரட்டு எருது கயிற்றை அறுத்துக்கொண்டு அவனை உதைத்துத் தள்ளியது. குப்புற விழுந்தான். இரண்டு உள்ளங்கையும் சரளைக்கல்லில் கிழிந்து சதை தெரிந்தது. நான் எண்ணெய் விட்டுத் துணி சுற்றினேன். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நூரு, வுழுந்தா கைதானடா மொதல்ல போவுது?"

"பின்ன மூக்கா போவும்?" என்றேன்.

அவன் எழுந்து நேரே வீட்டுக்குப் போனான். பின்னாலேயே நானும் போனேன். கம்பு புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கைகளைப் பிடித்துத் திருப்பினான். முழங்கையில் கருகிய தழும்பு. உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

"ஏம்மா, நீ கைய ஊனல. கையில நான் இருந்தேன். முட்டியும் முழங்கையும் வேவ வேவ என்னத் தூக்கிப் புடிச்சிருக்கற. ஏந்தினது நீதாம்மா!"

அவள் பதறி அவன் வாயைப் பொத்தினாள். "அப்டி சொல்லாதடா. என் கையில அவதான் வந்து நின்னா."

"கையில நின்னவ, முட்டி எரியச்ச எங்க போனா?"

உள்ளேயிருந்து முருகையன் சாட்டையோடு வந்தார். அன்று அம்மன் பிள்ளைக்கு விழுந்த அடியை நான் கண்ணால் பார்த்தேன். காது கிழிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. "அம்மாவ அடிச்சது வீண் அடின்னு ஒத்துக்க நைனா" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னான். அந்த ஆள் எப்படி ஒத்துக்கொள்வார்? ஒத்துக்கொண்டால், இத்தனை வருடம் அடித்த கையை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

அறுபத்தெட்டில் கறுப்புச் சட்டைக்காரர்கள் கோட்டைக்குக் கீழே வெட்டவெளியில் குண்டம் வெட்டி, கடவுள் இல்லை என்று சொல்லியே தீ மிதித்துக் காட்டுவதாகத் தட்டி வைத்தார்கள். வீராசாமி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். கட்சிக்காக அல்ல. சுத்தத்துக்கும் நெருப்புக்கும் சம்பந்தமில்லை என்று அம்மா கண்ணால் பார்க்க வேண்டும், தன் மேல் பாவம் இல்லை என்று அவள் ஒருநாளாவது நம்ப வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். மொகரத்துக்கு நானும் தீக்குழி மிதிக்கிறவன், நடந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவளை அழைத்து வந்ததும் நான்தான்.

அன்று கருவாட்டுக் குழம்பு தின்று, குளிக்காமல், வாய் கழுவாமல் வந்தான். ஒரு பக்கம் கறுப்புச் சட்டைகள், எதிர்ப்பக்கம் கல்லும் கழியுமாக ஊர்க்காரர்கள், அவர்கள் முன்னால் சாட்டையோடு முருகையன். "கடவுள் இல்லை!" என்று கத்திக்கொண்டு அவன் தணலில் இறங்கி நடந்தான். கல் பறந்தது. ஒரு கல் நெற்றியில் பட்டு ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. நிற்காமல் நடந்து ஏறி, அம்மாவின் எதிரில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிக் காட்டினான்.

"பாரும்மா. கருவாடு தின்னுட்டு நடந்தேன். சுட்டுச்சா?"

அவள் அந்தப் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இவ்ளோ பேசியும் உன்ன மடியில வெச்சிருக்காளேடா தாயி! உன்னையே மன்னிச்சவ என்ன மன்னிக்கலன்னா, நான் எவ்ளோ பெரிய பாவியா இருக்கணும்!"

முருகையன் உரக்கச் சிரித்தார். வீராசாமியின் முகம் செத்தது. தான் சுடாமல் வந்ததே அவள் தலையில் இன்னொரு கல்லாக விழுந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. நான் கையைப் பிடிப்பதற்குள் உதறிவிட்டு மறுபடி இறங்கினான். நடுவில் போய் நின்றான்.

நின்றேவிட்டான்.

"சுடுதும்மா! நின்னா எவனையும் சுடும்மா!" என்று அலறினான். சதை பொசுங்கும் நாற்றம் வந்தது. கல் எறிந்தவர்கள்கூடக் கையைக் கீழே போட்டார்கள். நான் கரையிலேயே நின்றேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள்தான் பாய்ந்தாள். மடங்காத காலை இழுத்து இழுத்து நடக்கிறவள், காப்பு இல்லை, விரதம் இல்லை, பக்கவாட்டிலிருந்து தணலில் இறங்கி இரண்டே எட்டில் அவன் இடுப்பைப் பிடித்து வெளியே தள்ளினாள். பின்னாலேயே தானும் வந்து விழுந்தாள். அவன் பாதம் தோலும் சதையுமாகத் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள். சாம்பல்தான் ஒட்டியிருந்தது. ஒரு கொப்புளம் இல்லை.

"குண்டத்தத் தீட்டாக்கிட்டியேடி!" என்று முருகையன் சாட்டையை ஓங்கினார். வந்த சாட்டையை அவள் உள்ளங்கையில் பிடித்தாள். விடவில்லை.

"கேட்டுகினே இருந்தியே, இன்னா தப்பு பண்ணேன்னு. இப்ப சொல்றேன், கேளு. புள்ள இடுப்புலருந்து நழுவுச்சு. புடிக்க நின்னேன். அதான் நான் பண்ண தப்பு."

ஒரே இழுப்பில் சாட்டை அவள் கைக்கு வந்தது. முருகையன் முகத்தில் ஒரு வீச்சு வீசினாள். உதடு பிளந்தது. சாட்டையைத் தணலில் எறிந்தாள். அன்றே மகனோடு என் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்துவிட்டாள். வீராசாமியின் வலது பாதம் பிறகு நேராகவில்லை.

தாயும் நாத்திகம் பேசுவாள் என்று கறுப்புச் சட்டைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். எங்கே! அடுத்த திருவிழாவுக்கு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீராசாமி தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் துணைக்கு வந்தான். அவன் உள்ளே வரமாட்டான். அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றான். அவள் எப்போதும் நிற்கும் வாசலைத் தாண்டிக் காலை வைத்தாள். பூசாரி ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினார்.

"எங்க போற?"

விருத்தாம்பாள் அவர் கையை விலக்கினாள். "என் புள்ளைய ஏந்தினது நான்தான். பொய்யின்னா, உள்ள இருக்கறா இல்ல, அவளையே கேளு."