கதவைத் திறந்தால் எலி

இப்போது என் வேலை, கணினி விளையாட்டுகளை விளையாடிப் பார்த்துக் குறை எழுதித் தருவது. கேட்பவர்கள் கண்ணில் பொறாமை தெரியும். ஒரே சுரங்கத்தில் ஒரே எலியை நாள் முழுக்க அடித்து, வீரனின் பலத்தை ஒன்று ஒன்றாக ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். குறைகளுக்கு எண் போட வேண்டும். அப்படி நான் எண் போட்டு எழுதிய முதல் பட்டியல், ஆரணியில், ஒன்பது வயதில், என் மாமாவுக்காக எழுதியது.

மாமா, அம்மாவின் தம்பி. மெட்ராஸில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், கல்லூரிக் கணினியில் ஒரு விளையாட்டைப் பார்த்ததாகச் சொன்னார். அதில் நாம் வேறொரு ஆளாக மாறி, குகைக்குள் போய், எதிர்ப்படுவதோடு சண்டை போட்டு, வெளியே வர வேண்டுமாம். கணினிக்கு எங்கே போவது? காலண்டர் தாளின் பின்பக்கம் குகையை வரைந்தார். சண்டைக்குத் தாயக்கட்டை. கணினி அவரே. உயிரைக் கணக்கு வைக்க, அப்பாவின் தறியடியில் கிடந்த கழிவுப் பட்டில் ஆளுக்கு இருபது இழை எடுத்து ஆணியில் கட்டினார். அடி வாங்கினால் ஒரு இழையை அறுப்பார். இருபதும் போனால் ஆள் காலி.

முதல் வாரம் அக்காவும் நானும் சோறு தண்ணீர் மறந்து விளையாடினோம். குகையில் ஒரு கிணற்றுக் காவல்காரன் வந்தான். அவனோடு சண்டை போடலாம், இல்லையென்றால் நம் பேரை அவனிடம் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போகலாம். அக்கா பேரைக் கொடுத்தாள். அதன் பிறகு குகைக்குள் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு கதவு, "யாரது?" என்று கேட்டது. சொல்ல அவளிடம் பேர் இல்லை. கதவு திறக்கவில்லை. அக்கா நிஜமாகவே அழுதாள். என்றைக்கோ செய்தது திரும்பி வந்து நம் முன்னால் நிற்கும் அந்த இடத்தைவிட நல்ல ஒன்றை இன்றுவரை நான் எந்தத் திரையிலும் பார்க்கவில்லை.

அப்புறம் கெட்டுப்போனது. பாதி எங்களால். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு அறுந்த இழையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு இழை விட்டுப்போனாலும் புடவை முழுக்கக் கோடு விழும் என்று கேட்டே வளர்ந்தவர்கள். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிவிடுவோம். மாமா அறுக்க அறுக்க, நினைப்பே இல்லாமல் நாங்கள் பிணைத்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாடி இது, செத்தவங்கள்லாம் எழுந்து வந்துகினு இருக்கீங்க?" என்று சிரித்தார். பிறகு, அறுந்ததைப் பிணைத்தால் உயிர் திரும்பும் என்று அதையே விதியாக்கிவிட்டார். அன்றிலிருந்து யாருக்கும் சாவில்லை. பயமும் போய்விட்டது.

மீதிப் பாதி மாமாவால். எந்தக் கதவைத் திறந்தாலும், ஜன்னலைப் பார்த்தபடி, "எலி வருது" என்பார். அடித்தால் ஒரு பலம். அடுத்த கதவு. "எலி வருது."

இதற்குள் அவருடைய விடுமுறை இரண்டு மாதத்தைத் தாண்டியிருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா கேட்பார்.

"இன்னா மச்சான், காலேஜ் எப்பத் தொறக்கிறாங்க?"

"அடுத்த வாரம், மாமா." அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"போன வாரமும் இதத்தான சொன்ன? உங்க காலேஜ் காலண்டர்ல அடுத்த வாரம் மட்டுந்தான் அச்சடிச்சிருக்காங்களா?"

"அவன சாப்பிட உடுங்க," என்பாள் அம்மா.

நான் பள்ளி நோட்டில் பட்டியல் போட்டேன். ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எழுந்து நின்று படித்தேன்.

"ஒண்ணு, எந்தக் கதவத் தொறந்தாலும் அதே எலி. ரெண்டு, நாம இன்னா செஞ்சாலும் ஒண்ணும் ஆவறதில்ல. மூணு, மாமா வேற எதையோ நெனச்சிகினு இருக்காரு. நாலு, வெளிய போற கதவே இல்ல. அஞ்சு, பேஜாரா இருக்கு."

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "கேளுடா மச்சான், நல்லா கேளு!"

மாமா இடது கையை நீட்டி நோட்டை வாங்கினார். ஐந்து வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. சோறு கையில் காய்ந்துவிட்டது.

"நாலாவது சரி," என்றார் என்னிடம். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

எங்கள் இருவரையும் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் வந்தது. "பரீட்சைக்கே போவலியா? காலேஜ்ல பேர எடுத்துட்டாங்களா? இத்தினி நாளா அடுத்த வாரம், அடுத்த வாரம்னுகினு இருந்தியேடா!"

"பேர கிணத்துக் காவக்காரன்கிட்ட குடுத்துட்டாரா?" என்று அக்காவைக் கேட்டேன். "பேரக் குடுத்தா தாண்டிப் போயிடலாமே, அப்பா ஏன் கத்துறாரு?"

அக்கா என் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் நான் எழுந்தபோது மாமா இல்லை. ஏதாவது வேலை தேடிக்கொள்வதாகச் சொல்லி முதல் பஸ்ஸிலேயே வேலூருக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். அப்பா சாப்பிடாமலே தறிக் குழியில் இறங்கி நெய்துகொண்டிருந்தார். என் நோட்டு ஜன்னல் மேல் இருந்தது. நாலாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இருக்கு. அதுல போனா ஒரு இழை போயிடும்."

தாளுக்கு நடுவில் ஒரு சிவப்பு இழை, இரண்டு துண்டாக. அவசரத்தில் மாமா பிணைக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினேன். அடுத்த லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள்ளட்டும் என்று அதை ஆணியில் கட்டி வைத்தேன்.