சிலுவை போட்டால் சாப்பிடும் நாய்க்குட்டி

என் பேத்தி புதிதாக ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறாள். அதைப் பழக்குவது எப்படி என்று போனில் படம் பார்க்கிறாள். அடிக்கக் கூடாதாம், கத்தக் கூடாதாம், சொன்னபடி செய்தால் உடனே தின்னக் கொடுக்க வேண்டுமாம். இதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரன் வேண்டியிருக்கிறது. நான் எழுத்துக்கூட்டப் பழகுமுன் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் இதையெல்லாம் சிறுபிள்ளையாக இருக்கும்போதே ஊர்காவற்றுறைக் கரையில் செய்து காட்டியவள்.

அப்போது எங்கள் வீட்டுக்கும் ஒரு நாய்க்குட்டியைச் சித்தப்பா கொண்டுவந்தார், காகம் கலைக்கட்டும் என்று. எங்கள் முற்றத்தில் எப்போதும் மீன் காயும். குட்டி காகத்தைக் கலைத்தது. கலைத்த கையோடு கருவாட்டையும் தின்றது. சித்தப்பா பனைமட்டையால் அடித்தார். அதன்பிறகு அது சித்தப்பா இல்லாத நேரம் பார்த்துத் தின்னப் பழகிக்கொண்டது.

"வாயில மிளகாய்த்தூளைத் தடவிவிடுங்கோவன்" என்றார் மாமி.

"இன்னொருக்கா வாய் வைக்கட்டும், தோணியில ஏத்தித் திட்டியில விட்டிட்டு வாறன்" என்றார் சித்தப்பா. ஆளும் தண்ணியும் இல்லாத மணல் திட்டி அது. களவெடுக்கிற நாயை எங்கள் கரையில் அப்படித்தான் செய்வார்கள். கொன்றால் பாவம், கொண்டுபோய் விட்டால் பாவமில்லை.

நான் அன்று முழுக்க இருந்து யோசித்தேன். அம்மா சிலுவை அடையாளம் போடுமுன் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் சோற்றில் கை வைப்பதில்லை. அதற்காக எங்களை யாரும் மட்டையால் அடித்ததுமில்லை. குட்டியையும் அப்படியே பழக்கினால் என்ன?

வேலிக்குப் பின்னால் இருந்து, இடக்கையில் மீன்துண்டைப் பொத்திப் பிடித்தேன். குட்டி நக்கியது, பிறாண்டியது. நான் அசையவில்லை. களைத்துப்போய் என் முகத்தைப் பார்த்தது. அந்த நொடியே வலக்கையால் சிலுவை போட்டுவிட்டு இடக்கையை விரித்தேன். பிறகு மீனை நிலத்தில் வைத்தும் அப்படியே பழக்கினேன். நாய்க்குச் சிலுவை போட்டால் ஆண்டவர் என்ன செய்வாரோ என்று பயம். ஒருவருக்கும் சொல்லவில்லை.

சித்தப்பா ஒருநாள் குட்டிக்கு முன்னால் நல்ல பாரை மீன் துண்டாகப் போட்டுப் பார்த்தார். அது குந்தியிருந்து என் முகத்தைப் பார்த்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எடியே, இது நாயில்லை, சாமியார்!" என்றார் சித்தப்பா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அப்பா, "அப்ப இதை நான் வாடிக்குக் கொண்டுபோறன். அங்க காயவைக்கிற மீனுக்குக் காவல் வேணும்" என்றார்.

வாடி என்பது ஆண்கள் மாதக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் கொட்டில். கடல் தாண்டிப் போகவேண்டும். அப்பாவோடு போகிறவர்கள் காரைநகர்ச் சைவ சமயக்காரர். அப்பாவோ, என் மூத்தண்ணையைக் கடலில் பறிகொடுத்துவிட்டுத் தனியே கரைக்கு வந்த நாளிலிருந்து சிலுவை போடுவதில்லை. நாங்கள் கண்ணை மூடியிருக்கும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே குட்டிக்கு யார் சிலுவை போடுவார்கள்?

கரையில் அப்பாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, அது அங்க சாப்பிடாது."

"பசிச்சாச் சாப்பிடும், பிள்ளை."

தோணி போய்விட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சோற்றுக் கோப்பையைக் கண்டாலே குட்டி எலும்பும் தோலுமாக என் முகத்தைத் தேடுவதுபோல இருந்தது. கடைசியில் அம்மா என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "என்னடி உனக்கு? சொல்லு" என்று கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனார். வாடிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற தோணிக்காரர் அங்கே நின்றார்.

"தம்பி, இவளின்ர அப்பாட்டச் சொல்லும், நாய்க்குச் சோறு வைச்சாச் சிலுவை போடட்டாம். போடாட்டி அது செத்துப்போம்."

கரையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "அவர் போடுவாரோ தெரியேல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தோணிக்காரர் திரும்பி வரும்வரை நான் கரையை விட்டு அசையவில்லை. கரைக்கு வந்த அம்மாவை, "அக்கா!" என்று தோணியில் இருந்தே கூப்பிட்டார். "நான் சொல்ல முந்தியே அவர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அது வாயே வைக்காமல் அவற்ர முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்திச்சாம். பிள்ளை வேலிக்குப் பின்னால செய்ததை அவர் ஒருநாள் கண்டவராம், அதுதான் ஞாபகம் வந்திச்சாம். இப்ப நாய்க்கும் தனக்குமா ஒண்டாப் போட்டிட்டுத்தான் சாப்பிடுறார்."

நான் துள்ளினேன். திரும்பிப் பார்த்தால், அம்மா மணலில் அப்படியே குந்தி, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஒரு நாய் சாப்பிட்டதற்கு இப்படி அழுவார்களா? எனக்கு விளங்கவில்லை. "அழாதேங்கோ அம்மா, குட்டி சாப்பிடுதாம், குட்டி சாப்பிடுதாம்" என்று அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.