ஒரு கோடு சிக்னல்

எங்கள் ஹாஸ்டலில் செல்போனுக்குத் தடை கிடையாது. என்னைச் சேர்க்க வந்த அன்று அப்பாவால் இதை நம்ப முடியவில்லை. "போன் வச்சுக்கிடலாமா மேடம்?" என்று வார்டனிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். "தாராளமா வச்சுக்கிடட்டும் சார்" என்றார் வார்டன். அந்தத் தாராளத்துக்குக் காரணம் அன்று மாலையே தெரிந்துவிட்டது. கட்டடத்துக்குள் எந்த சிம்முக்கும் சிக்னல் இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சுற்றிலும் தைலமரக் காடு. ரோட்டோரம் காலேஜ், அதை ஒட்டிப் பையன்கள் ஹாஸ்டல். பெண்கள் ஹாஸ்டலை மட்டும் பாதுகாப்பு என்று சொல்லி வெகுதூரம் உள்ளே தள்ளி, பள்ளத்தில் கட்டியிருந்தார்கள். பையன்களுக்கு சிக்னலும் இருந்தது, வைஃபையும் இருந்தது, இருட்டிய பிறகு ரோட்டுக்குப் போய் டீ குடிக்கிற சுதந்திரமும் இருந்தது. எங்களைப் பொழுது சாய்ந்ததும் உள்ளே விட்டு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மொட்டைமாடிக்கு எப்போதுமே பூட்டு. பகலில் காலேஜுக்குப் போனை எடுத்துப் போகவும் கூடாது.

மேல்மாடி வராந்தாவின் கடைசியில், பாத்ரூமுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அதன் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டிப் போனைப் பிடித்தால் ஒரு கோடு சிக்னல் வரும். கையை உள்ளே இழுத்தால் போய்விடும். அதனால் ஸ்பீக்கரில் போட்டு, ஜன்னலைப் பார்த்துக் கத்திப் பேச வேண்டும். பின்னால் வாளியும் துணியுமாக வரிசை நிற்கும். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யாருடைய அண்ணன் குடித்துவிட்டு வந்தான், யாரை யார் கைவிட்டான், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அழுகிறவர்கள்கூடச் சத்தம் போட்டுத்தான் அழ வேண்டும்.

என் ரூமில் இருந்தவள் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண். விவசாயக் குடும்பம். நல்ல உயரம், நீளமான கைகள். என் கை எட்டாது என்பதால் நான் பேசும்போதெல்லாம் அவள்தான் போனை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வலித்தாலும் சொல்ல மாட்டாள்.

ஒரு சிக்னல் பூஸ்டராவது வைத்துக் கொடுங்கள் என்று நாங்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். "படிக்க வந்தீங்களா, போன் பேச வந்தீங்களா?" என்றார் தாளாளர். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "ஒங்க வீட்டுலேருந்து ஒருத்தரும் கம்ப்ளைண்ட் பண்ணலியேம்மா. இப்புடி இருக்கறதுதான் நல்லதுங்கறாங்க" என்று சிரித்தார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் கசப்பு.

கடைசி வருஷம், கார்த்திகை மாதம். குவைத்தில் டிரைவராக இருந்த அப்பா லீவில் ஊருக்கு வந்திருந்தார். மணமேல்குடிப் பக்கம் எங்கள் ஊர். அன்று மாலை மெஸ்ஸில் டீ குடித்துவிட்டு ஜன்னலுக்கு வந்து வீட்டுக்கு அடித்தேன். அப்பாதான் எடுத்தார்.

"ஏத்தா, கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"அறந்தாங்கிலேருந்து ஒரு எடம் வந்துருக்கு. மாப்ள சிங்கப்பூர்ல இருக்காரு. நல்ல குடும்பம். நான் திரும்பிப் போறதுக்குள்ள பேசி முடிச்சுரலாம்னு பாக்குறேன். நீ என்னத்தா சொல்ற?"

சென்னையில் ஒரு கம்பெனிக்கு நான் கடைசிச் சுற்று வரை தேறியிருந்த நேரம் அது. "இப்ப வேண்டாம்ப்பா. நான் வேலைக்குப் போகணும்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். "எனக்கு வேண்டாம்ப்பா. கேக்குதா? கல்யாணம் வேண்டாம்." வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். போன் நின்றுபோனது.

மறுபடி அடித்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்த முறை சிக்னலே இல்லை.

போனைப் பிடித்திருந்த ரூம் தோழி கையை உள்ளே இழுத்துத் தடவிவிட்டுக்கொண்டாள். "கட் ஆகலடி. கோடு இருந்துச்சு, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அங்கிட்டு வச்சுட்டாங்க" என்றாள்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்? அங்கிட்டு சிக்னல் போயிருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனால் டவரும் படுத்துவிடும். அந்த ஒரு கோடும் பல நாள் வரவில்லை. டவுனுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று வார்டனிடம் அவுட்பாஸ் கேட்டேன். "வீட்டுலேருந்து போன் பண்ணிச் சொல்லச் சொல்லு, தாரேன்" என்றார். வீட்டுக்குப் பேசத்தான் மேடம் வெளியே போகிறேன் என்றேன். ரூல்ஸ் அதுதான் என்றார். கடைசியில் மனமிறங்கி, தன் ஆபீஸ் லேண்ட்லைனில் பேச விட்டார். எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா எடுத்தாள்.

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னது கேட்டுச்சா?"

"வார்டன் போன்லயா பேசுற? அங்க வச்சு என்ன பேச்சு. பொங்கலுக்கு வருவீல்ல, அப்பப் பேசிக்கிடலாம். நல்லாச் சாப்புடு."

பொங்கலுக்குப் போனபோது வீட்டில் பட்டுப்புடவைப் பெட்டி இருந்தது. பொங்கல் முடிந்த கையோடு நிச்சயம், பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

"நான் வேண்டாம்னு சொன்னேனேப்பா."

"எங்கத்தா சொன்ன? கரகரன்னு சத்தந்தான் வந்துச்சு. புள்ள மறுத்து ஒண்ணும் சொல்லலியேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இனிமே போயி என்னன்னு சொல்றது?"

அம்மா அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவில்லை. நான் டவரைத் திட்டினேன், தாளாளரைத் திட்டினேன், அந்தப் பள்ளத்தில் கட்டடம் கட்டியவனைத் திட்டினேன். கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோது என் கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது.

கணவர் கெட்டவர் இல்லை. வருஷத்தில் ஒரு மாதம் வருவார். மீதி நாட்களில் அறந்தாங்கியில் மாமியார் வீட்டில், வீடியோ காலில் அவருக்குக் குழந்தையைக் காட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினேன். அந்த வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் சிக்னல் முழுசாக வந்தது. அன்று மட்டும் லைன் கிடைத்திருந்தால் என்று நினைக்காத வாரம் இல்லை. அப்படி நினைப்பதில் ஒரு ஆறுதலும் இருந்தது. என் பேச்சை யாரும் தள்ளவில்லை, அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் என் தங்கச்சிக்கு இடம் பார்த்தார்கள். அவள் திருச்சியில் படித்தாள். வேண்டாம் என்று போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் புத்தி சொல்லச் சொல்லி அம்மா கருவாட்டுப் பையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"நீயெல்லாம் இப்புடியா இருந்த? நீயுந்தான் வேண்டாம்னு கத்துன. அப்பறம் பேசாம வந்து கழுத்த நீட்டலையா?"

கருவாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. "நான் கத்துனது கேட்டுச்சாம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "கேக்காம என்ன. ஒங்கப்பா ஸ்பீக்கர்ல போட்டுருந்தாரு. மாப்ள வீட்டுக்காரங்க எதுத்தாப்புல ஒக்காந்துருந்தாங்க. புள்ள வாயாலயே சம்மதம் கேக்கட்டும்னுதான் போட்டாரு. நீ இப்புடிச் சொல்லுவன்னு யாரு கண்டா. மானம் போகுதேன்னு நான்தான் போன அமத்துனேன்."

"யாரு ஒக்காந்துருந்தாங்க?"

அம்மா கூடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே என் மாமியார் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். "சின்னப்புள்ள, அப்புடித்தான் சொல்லும்னு அவங்கதான் சிரிச்சுச் சமாளிச்சாங்க" என்றாள்.

அன்று மாலை கணவர் வழக்கம்போல் வீடியோவில் வந்தார். நான் அன்று வேண்டாம் என்றது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அம்மா அப்பவே சொன்னுச்சு. ஏதோ வெக்கத்துல நீ சொல்லிட்டன்னு நெனச்சேன். அதுக்கு இப்ப என்ன?" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை வருஷமும் தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். "போன்ல சொல்லாத. பஸ்ஸு ஏறி வீட்டுக்குப் போ. வெளியாளுங்க இருக்கயில, எல்லாரு மூஞ்சிக்கும் நேரா நின்னு சொல்லு. நானும் வாரேன்" என்றேன். அப்படியே செய்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். குவைத்திலிருந்து அப்பா அம்மாவைத் திட்டினார், என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். "தூண்டிவிட்டதே நீதான்" என்று மாமியாரும் சில நாள் முகம் கொடுக்கவில்லை.

தங்கச்சி இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். தீபாவளிக்கு எனக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு வந்தாள். "நீ மட்டும் வரலேன்னா எனக்கு இதெல்லாம் இல்லக்கா" என்றாள். ஆபீஸைப் பற்றியும், கூடத் தங்கியிருக்கும் பெண்களைப் பற்றியும் நிறையப் பேசினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சேலையை உடனே கட்டிக் காட்டினேன். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தபோது, குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டே வந்தது. அன்று என் பக்கத்தில் இப்படி நிற்க ஓர் அக்கா இல்லையே என்று ஓடிக்கொண்டிருந்ததில் அது என் காதில் ஏறவில்லை.