கணக்குப் பரீட்சையன்று கிடைத்த குடியுரிமை

நகர மண்டபத்தில் எல்லோரும் அவரை மைக்செட் என்றே கூப்பிடுவார்கள். எந்த நிகழ்ச்சியானாலும் பின்சுவரை ஒட்டிய மேசைதான் அவர் இடம். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. புதிய குடிமக்கள் உறுதிமொழி எடுக்கும் நாட்களில் மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்.

குடும்பத்தோடு பிழைக்க வந்த அந்த நாட்டுக்கு அவர் குடிமகனானது ஏழாம் வகுப்பில். அன்று அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு இதே மண்டபத்தில் உறுதிமொழி எடுத்தார். மாலையில் பையன் பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னார்.

"இனிமே நீயும் இந்த நாட்டுக்காரன்டா."

"நானா? எப்ப ஆனேன்?"

"நான் கையைத் தூக்கினேன்ல, அப்பவே. சின்னப் பிள்ளைங்களுக்கு அப்பன் ஆனாப் போதும், தானா வந்துடும்."

"அப்ப நான் கணக்குப் பரீட்சை எழுதிட்டிருந்தேனே."

"தூங்கிட்டிருந்தாலும் ஆயிருப்ப. போ, கைகால் கழுவு."

அப்பா சிரித்தார். பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் இல்லாமலே தன் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்தது போலிருந்தது.

வயது ஏறியும் அந்தக் குறை போகவில்லை. டாக்ஸி ஓட்டுபவர்களும் நர்ஸுகளும் கையை உயர்த்திக் கண்கலங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வரியும் அவருக்கு மனப்பாடம். கூடச் சேர்ந்து சொன்னால் யாரும் தடுக்கப் போவதில்லைதான். ஆனால் யாரும் கேட்காமல் சொல்வது எப்படி உறுதிமொழியாகும்? உதட்டை இறுக்கிக்கொள்வார். ஒருமுறை வாய்விட்டே அதிகாரியிடம் கேட்டார்.

"நானும் ஒரு தடவை எடுத்துக்கலாமா?"

"பஸ்ல ஏறி உக்காந்தாச்சு. மறுபடி எதுக்கு சார் டிக்கெட்?"

வீட்டில் மனைவியின் கேலி வேறு. "தூக்கத்துல உறுதிமொழி சொல்றீங்க. பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு தெளிவாப் பேசல."

அம்மா மட்டும் பழைய பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்தார். குடியுரிமை வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறந்த ஊரில் அம்மாவின் அண்ணன் இருந்தார். நினைத்த நேரத்தில் அங்கே போக முடிய வேண்டும் என்பார். அப்பா காலமான பிறகும் அசையவில்லை. போன வருடம் அந்த அண்ணனும் இறந்தார்.

"இனி அந்தக் கதவைத் திறந்து வச்சு யாருக்குடா? விண்ணப்பம் போடு."

அம்மாவின் முறை வந்த நாளில் அவர் தன் மேசையை லைட் பார்ப்பவரிடம் ஒப்படைத்தார்.

"முன்வரிசை மைக்கை ரொம்ப ஏத்தாதய்யா, இரையும்."

"எனக்கே பாடமா? போய் அம்மா பக்கத்துல உட்காரு."

உறுதிமொழி எடுப்பவர்கள் மட்டும் எழுந்து வலது கையை உயர்த்தும்படி அதிகாரி சொன்னார். அம்மா எழுந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வருடக்கணக்காக ஈரத்துணி தூக்கி இறுகிப்போன தோள். கை மார்புவரை வந்து நின்றுவிட்டது.

"வரமாட்டேங்குதுடா."

மைக்செட் அதிகாரியைப் பார்த்தார்.

"பிடிச்சுக்குங்க சார். எழுந்து நின்னே பிடிச்சுக்குங்க."

எழுந்தார். அம்மாவின் முழங்கைக்கு அடியில் தன் வலது கையைக் கொடுத்து மெதுவாக ஏற்றினார். அது உயர உயர அவர் கையும் உயர்ந்தது.

முதல் வரி நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் அம்மா தடுமாறி மகன் முகத்தைப் பார்த்தார். அவர் எடுத்துக்கொடுத்தார். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. கடைசி வரிவரை அம்மாவோடு சேர்ந்தே சொன்னார்.

கைதட்டல் அடங்கியதும் அம்மா தோளை நீவிக்கொண்டார். "எனக்கு ஒரு வரிதான்டா மறந்துச்சு. நீ பாட்டுக்கு முழுசும் சொல்றியே."

"மறுபடி மறந்துடுவியோன்னுதான்."

"ஆமாமா, எனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

கம்பிகளைச் சுருட்டும்போது லைட் பார்ப்பவர் வந்தார். "யோவ், முன்வரிசை மைக்ல ஒரு ஆம்பளைக் குரல் தனியாத் தூக்கலாக் கேட்டுச்சு."

"குறைச்சியா?"

"கொஞ்சம் ஏத்தினேன்."